இதமான சூடு

ஷேவிங் பிரஷ்ஷிலிருந்து சொட்டிய ஒரு துளி மணிக்கட்டில் விழுந்ததும் அவள் "ஸ்ஸ்" என்று கையை உதறினாள். கொதிக்கிற தண்ணீர். ஆனால் அந்தத் துளி விழுவதற்குள் அதே பிரஷ்ஷால் கணவருடைய இடது கன்னத்தில் நாலு சுற்றுச் சுற்றியாகிவிட்டது. அவரோ நாற்காலியில் சாய்ந்தபடி எதிரே இருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"இதமா இருக்கு," என்றார்.

அவள் அவசரமாகத் துண்டை எடுத்து நுரையைத் துடைத்தாள். கன்னம் அறை வாங்கியதுபோல் சிவந்திருந்தது.

"எரியலையா?"

"எதுக்கு எரியணும்?"

அந்தக் கூஜா வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கூஜா என்பது அவர் வைத்த பெயர். கைப்பிடியும் அகன்ற மூக்கும் உள்ள வெள்ளைப் பீங்கான் பாத்திரம் அது. வயிற்றுக்குள் வெந்நீர் ஊற்றிவிட்டு, மேலே குழிந்திருக்கும் கிண்ணத்தில் சோப்பைக் குழைத்தால், அடியில் இருக்கும் சூட்டில் நுரை கடைசிவரை வெதுவெதுப்பாக இருக்கும். மூக்கு வழியாகப் பிரஷ்ஷை விட்டு வெந்நீரில் ஊறவைக்கலாம். அப்பா ஷேவ் பண்ணும்போதெல்லாம் கன்னத்தைக் கிழித்துக்கொள்கிறார் என்று அம்மா போனில் புலம்பப்போக, வெளியூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பியிருந்தாள். சூட்டில் முடி இளகுமாம், பிளேடு வழுக்கிக்கொண்டு போகுமாம்.

"முப்பது வருஷமா உனக்கு நான் கூஜா தூக்கினேன். இனிமே நீ தூக்கு," என்று அவர் அன்றைக்கே பிரஷ்ஷையும் ரேசரையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டார். அவள் தையல்காரி. பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துத் தைத்து நிதானம் பழகிய கை. அதன் பிறகு அவர் முகத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. எல்லாப் புகழும் கூஜாவுக்கே போனது. ஊறிய பிரஷ்ஷைப் பிழிந்து, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் அவர் கன்னத்துக்குக் கொண்டுபோவாள். இன்றைக்கு அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஓடிப்போய் அணைத்துவிட்டு ஓடிவந்தவள், சூடு பார்க்க மறந்துபோனாள்.

சிவந்த கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய வெட்டுத் தழும்புகள் நாலைந்து தெரிந்தன. எல்லாம் இடது கன்னத்தில். வலது கன்னம் சின்னப் பிள்ளையுடையதுபோல் வழவழவென்று இருந்தது. இத்தனை நாளாக இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? டீ குடிக்கும்போது அவருடைய இடது உதட்டோரம் வழிவதும், "சின்னப் பிள்ளை மாதிரி" என்று தான் கேலி பண்ணியதும் நினைவுக்கு வந்தன.

"கண்ண மூடுங்க. நுரை தெறிக்குது," என்றாள்.

மூடிக்கொண்டார். பிரஷ்ஷைப் பிழிந்து, கிண்ணத்தில் குழைத்து, புறங்கையில் பார்த்துவிட்டு வலது கன்னத்தில் வைத்தாள். வைத்த நொடியில் "ம், இது கொஞ்சம் ஆறிப்போச்சு" என்றார். பிறகு பிரஷ்ஷை இடது கன்னத்துக்குக் கொண்டுபோனாள். தொடவில்லை. நாலு விரல் தள்ளி அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சூடு சரியா இருக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ம். இதமா இருக்கு."

நுரை ஒரு சொட்டு அவர் மடியில் விழுந்தது.

"பிரஷ் இன்னும் உங்க மேல படவே இல்லை," என்றாள்.

கண்ணைத் திறந்தவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு இருபது. ஆறேமுக்காலுக்கு அவர் பள்ளிக்கூட வேனை எடுத்தாக வேண்டும். பதினாறு பிள்ளைகள், பதினாறு வாசல்.

"எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"ரெண்டு மாசம் இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை தூங்கி எழுந்தேன், பாதி மூஞ்சி மரத்துப்போயிருந்துச்சு. ஒருக்களிச்சுப் படுத்ததுல வந்திருக்கும்னு விட்டுட்டேன்."

"மூஞ்சி மட்டுமா?"

அவள் அவருடைய இடது முழங்கையின் கீழே நகம் பதியக் கிள்ளினாள். அவர் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகு "ஆ" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஹெல்மெட் இல்லாமல் கிளம்பினால் கூப்பிட்டு நிறுத்தி அரைமணி நேரம் பாடம் எடுக்கிற மனிதர் இவர். அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தக் கையாலயா கியர் போடுறீங்க?"

"கை நல்லாத்தான் வேலை செய்யுது. எங்க இருக்குன்னுதான் தெரியறதில்ல. குனிஞ்சு பாத்துட்டுப் போட்டுக்குவேன்."

"நீங்க குனிஞ்சு பாக்கறப்ப ரோட்ட யாரு பாக்கறது?"

அவர் மடியில் விழுந்த நுரையை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். யாரிடமோ சொல்வதுபோல் ஆரம்பித்தார்.

"செவ்வாய்க்கிழமை பட்டாணிய இறக்கி விட்டுட்டு வண்டிய எடுத்தேன். கியரப் பாக்கக் குனிஞ்சேன். நிமிந்தா அது வண்டிக்கு முன்னால நிக்குது. தண்ணி பாட்டில் உருண்டுபோச்சாம், எடுக்க வந்திருக்கு. ஒரு சாண் இருந்திருக்கும். பிரேக் போட்ட சத்தத்துக்கு, நான் விளையாட்டுக் காட்டுறேன்னு நினைச்சு சிரிச்சுச்சு. டாட்டா காட்டிட்டுப் போயிருச்சு."

பட்டாணி என்பது வேனிலேயே சின்னப் பெண்ணுக்கு அவர் வைத்த பெயர். அந்தப் பிள்ளையின் யூனிபார்மைத் தைத்தது இவள்தான். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷம் பிரித்துவிட்டுக்கொள்ளட்டும் என்று பாவாடையின் விளிம்பில் நாலு விரல் மடித்துத் தைத்திருந்தாள். அந்த நாலு விரல் துணிதான் இப்போது அவள் கண்முன்னால் நின்றது.

"அதுக்கப்புறமும் ஓட்டுனீங்க."

"ரெண்டு நாள். புதன், வியாழன்." அவர் குரல் தேய்ந்தது. "இத விட்டா எனக்கு வேற என்னடி தெரியும்?"

அவளுக்கு அவர்மேல் ஆத்திரமும் இரக்கமும் ஒரே சமயத்தில் பொங்கிக்கொண்டு வந்தன. போனை எடுத்து அவருடைய வலது கையில் வைத்தாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகார முள் இரண்டு கோடு நகர்ந்தது. பிறகு நம்பரை அழுத்தினார்.

"சார், நான்தான். இன்னிக்கு வேன எடுக்க வேற டிரைவர அனுப்புங்க. ஆமா சார், உடம்பு சரியில்ல." எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டார்கள். "திங்கக்கிழமையா? இல்ல சார். திங்கக்கிழமையும் வேணாம். இனிமே அந்த வண்டிக்கு வேற ஆளையே போட்டுக்கங்க."

போனை வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போக அவள் டாக்சிக்குச் சொன்னாள். குளிர்ந்த தண்ணீரில் துண்டை நனைத்து, முகத்தில் மிச்சமிருந்த நுரையைத் துடைத்தாள். சிவந்த கன்னத்தில் துண்டைச் சற்று நேரம் வைத்திருந்தாள். அவர் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் கூஜாவின் மூக்கிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

அவருக்குச் சட்டையை மாட்டிவிட்டு அவள் நிமிர்ந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். வாசலில் டாக்சியின் ஹாரன் கேட்டது. அவர் மூக்கை உறிஞ்சினார். கண்ணாடியைப் பார்க்காமலே எழுந்து, வலது கன்னத்தைப் புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். இடது கன்னத்தில் கண்ணீர் தாடைவரை இறங்கிச் சட்டைக் காலரில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அழுது முடிச்சாச்சு. வா, போலாம்," என்றார்.