ஆழ்கடலுக்கு ஒரு வரவேற்புரை

மனிதன் நிலவில் கால் வைத்த நாளுக்கு அடுத்தபடியாக வரலாறு குறித்துக்கொள்ள வேண்டிய நாள் அது என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நோட்டீஸைப் போட்டவர் தேயிலைத் தோட்டத்து நலன்புரிச் சங்கத் தலைவர் செல்லசாமி. வரலாற்றுக்கு இடம் ஒதுக்கியிருந்தது பெரட்டுக்களத்தில். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தத் தகரக் கொட்டகையில்தான் நோட்டன் பிரிட்ஜ் கைபேசிக் கோபுரத்து சிக்னல் ஒழுங்காக எடுக்கும்.

விஷயம் இதுதான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த சுலக்ஷனா கடல் உயிரியல் படித்தவள். இந்து சமுத்திரத்தில் ஓர் ஆய்வுக் கப்பல் ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு இயந்திரம் ஒன்றை இறக்கி, குளிர்நீர்ப் பவளங்களையும் கடற்பஞ்சுகளையும் நேரலையில் காட்டப்போகிறது. கரையிலிருந்து பார்க்கத் தேர்வான இருபது பேரில் அவளும் ஒருத்தி. புதிதாக எதுவும் கண்ணில் பட்டால் உடனே மைக்கில் சொல்லவேண்டும். நன்றாகப் பார்த்துச் சொல்லும் ஒருவருக்கு அடுத்த பயணத்தில் கப்பலில் இடம். அந்த ஓர் இடத்துக்காகச் சுலக்ஷனா மூன்று மாதமாகப் பழைய படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்திருந்தாள்.

திரையில் இருட்டு விலகியது. வெள்ளை வெளேரென்று பவளக் கிளைகள். நடுநடுவே கண்ணாடி நூலில் பின்னியதுபோலக் கடற்பஞ்சுகள். கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

"அங்க வெயிலே கெடையாதா?" வீரம்மா மகள் சுலக்ஷனாவைக் கேட்டாள்.

"இல்லம்மா. நாலு டிகிரி குளிரு வேற."

"அப்பறம் என்னா, நம்ம தோட்டந்தான். லயம் மட்டும் இன்னும் கட்டல."

சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் எழுந்துவிட்டார். வரவேற்புரை இல்லாமல் அந்தக் கொட்டகையில் எதுவும் தொடங்கியதில்லை. ஏற்கெனவே தொடங்கிவிட்ட கடலுக்கும் விலக்கில்லை. மேசையில் இருந்த மைக்கை எடுத்தார்.

"பேரன்புமிக்க பெரியோர்களே..."

"தலைவரே, அது கப்பலுக்குப் போவுது!" என்றாள் சுலக்ஷனா.

"போவட்டும்மா. அவங்களையும் சேத்தே வரவேக்குறேன்."

கப்பலில் யாரோ ஆங்கிலத்தில், "கரையிலிருந்து ஒரு விஞ்ஞானி பேசுகிறார், நிறுத்துங்கள்" என்றார்கள். விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்த இயந்திரம் மரியாதையாக நின்றது. தலைவர் ஏழை பணக்காரர், முன்வரிசை பின்வரிசை என்ற பேதமில்லாத சமத்துவத்தைப் பற்றி நான்கு நிமிடம் முழங்கினார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று சுலக்ஷனா அசையாத திரையை வெறித்தாள். அப்போதுதான் பார்த்தாள். செத்த பவளக் கிளை ஒன்றின் பின்னால், மயிரிழைத் தண்டில் ஊதா நிறக் கிண்ணம் ஒன்று. மூன்று மாதத்தில் எந்தப் படத்திலும் இல்லாத வடிவம்!

பாய்ந்து மைக்கைப் பறித்தாள். இடப்பக்கம், கிளைக்குப் பின்னால் என்று ஆங்கிலத்தில் கத்தினாள். படம் நெருங்கியது. கப்பலில் ஒருவர் "ஓ!" என்றார். பிறகு பத்துப் பேர் சேர்ந்து கத்தினார்கள். வேறு எவரும் அதைப் பார்த்திருக்கவில்லை. பெரட்டுக்களம் விசிலில் அதிர்ந்தது. வீரம்மா மகளைக் கட்டிக்கொண்டாள். மைக் தலைவர் பக்கமாக மேசையில் விழுந்தது. அவர் குனிந்து, சங்கச் செயலாளர் திலக்ஷனின் காதில் ஏதோ சொன்னார்.

மறுவாரம் கப்பலிலிருந்து மடல் வந்தது. கண்டுபிடித்த காட்சியின் பதிவை ஒலியோடு, வெட்டாமல் அனுப்பினால்தான் தேர்வு.

தலைவர் லயத்துக்கே வந்துவிட்டார். "நான் பேசுன எடத்த மட்டும் வெட்டிரும்மா."

"வெட்டுனா எடுக்க மாட்டாங்க தலைவரே."

"சரி விடு. தமிழ் அவனுங்களுக்கு எங்க வெளங்கப்போவுது?"

சுலக்ஷனாவுக்கு இடம் கிடைத்தது. தோட்டமே பட்டாசு கொளுத்தியது. பதிவை இப்போது யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஊதாக் கிண்ணம் திரையை நிறைக்கும் நொடியில், கீழே மொழிபெயர்ப்பு ஓடுகிறது:

"விஞ்ஞானி செல்லசாமி: கேக் முன்வரிசைக்கு மட்டும். கொழுந்தெடுக்கிறவர்களுக்கு பிஸ்கட் போதும்."