லீவுக் கல்

எங்கள் மியூசியத்தில் மூவாயிரம் வருஷத்துக் கல் துண்டு ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். அரசர் கல்லறை வெட்டிய ஆட்களில் யார், எந்த நாள், எதற்காக வேலைக்கு வரவில்லை என்று அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை எழுதி வைத்தது. லீவுக் கல் என்போம். பொறுப்புப் புத்தகத்தில் அதற்கு என் கையெழுத்து. பெட்டியைத் திறந்தால் நான் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

வியாழக்கிழமை என் மகள் நவாராவுக்கு நிச்சயம். பெண்ணின் தகப்பன் சம்பந்தியோடு கை கோத்து ஃபாத்திஹா ஓதினால்தான் பேச்சு உறுதி. நான் போகாவிட்டால் என் மச்சான் கலஃப் கையை நீட்டிவிடுவான். அப்புறம் ஆயுசுக்கும் ‘நான்தான் முடித்துவைத்தேன்’ என்று சொல்லிக்காட்டுவான்.

டைரக்டர் டாக்டர் சுஹைர் அம்மாவிடம் மூன்று தடவை லீவு கேட்டேன். மூன்று தடவையும் முடியாது என்றார். அன்றைக்குத்தான் கெய்ரோவிலிருந்து பெரிய அதிகாரி அந்தக் கல்லைப் பார்க்க வருகிறாராம்.

வந்தார். கல்லை எடுத்து வைத்தேன். டைரக்டர் வரிவரியாகப் படித்துச் சொன்னார். ஒருவனைத் தேள் கொட்டியது, ஒருவன் பீர் காய்ச்சினான், ஒருவனுக்குக் கண் வலி. ஐந்தாவது வரியை விட்டுவிட்டு ஆறாவதுக்குத் தாவினார். பதினேழு வருஷமாகக் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா?

அதிகாரி அந்த வரியைக் காட்டி அதில் என்ன என்று கேட்டார். மை மங்கிப்போச்சு என்று டைரக்டர் இழுத்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“மங்கல்லாம் இல்லீங்க. ‘மகளுக்கு விசேஷம், ஒரு நாள்’னு இருக்கு. எனக்கு அரை நாள் போதும், டாக்டரம்மா.”

அதிகாரி விழித்தார். டைரக்டரின் முகம் சிவந்தது. தொலைந்தேன் என்றுதான் நினைத்தேன். அவரோ பொறுப்புப் புத்தகத்தை இழுத்து, என் பெயரை அடித்துத் தன் பெயரைப் போட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு ஓட்டைப் பானைக்குக்கூடக் கையெழுத்துப் போடாத மனுஷி.

“கல்லு இப்ப என் தலையில. ஓடுங்க ஜைதான் அண்ணே.”

படகில் நைலைக் கடந்து, கரும்புக் காட்டுக்குள் குறுக்கே ஓடினேன். வீட்டில் ஷர்பத் தட்டு காத்திருந்தது. கலஃப் புதுக் கலாபியா அங்கி போட்டுக்கொண்டு கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். அதை விலக்கிவிட்டு என் கையைக் கொடுத்தேன். ஓத வாயைத் திறந்தால் இரைப்புத்தான் வந்தது, கூடவே கண்ணீரும்.

சம்பந்தி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“மெதுவா ஓதுங்க. உங்க மச்சான் அரை மணியா கையை நீட்டிக்கிட்டுத்தான் இருக்காரு. பொண்ணோட அப்பா வரட்டும்னு நான்தான் அதைப் பிடிக்கல.”