ஷிமே மிச்சம் வைத்த மாத்திரைகள்

என் புருஷன் யெர்கோவுக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். வாரம் ஒரு மாத்திரை விழுங்கிவிட்டு, மற்ற நாளெல்லாம் வலை, ஒலிவ மரம் என்று திரிந்துகொண்டிருந்தான். அந்த மாத்திரையை இனிமேல் தயாரிக்கப் போவதில்லை என்று கம்பெனிக்காரர்கள் கைகழுவிவிட்டார்கள்.

கடல் தாண்டி ஸ்ப்ளிட் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் தேயா பதறவில்லை.

"மாற்று மருந்து இருக்கு. வாரம் ஒரு ஊசி, வயித்துத் தோலுக்கு அடியில. கூடவே வேற மாத்திரை. நல்லாவே கேக்கும். ஆனா ஊசிக்கு இங்க வரணும். தள்ளிப்போடாதீங்க."

தீவுக்குத் திரும்பும் கப்பலிலேயே யெர்கோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"வாராவாரம் கப்பலா? தெக்குக் காத்து அடிச்சா கப்பலே ஓடாது. ஒலிவக்காய் பறிக்கிற நேரத்துல அங்க போய் வயித்தைக் காட்டிட்டு நிக்கணுமாக்கும்!"

"காட்டேன். இத்தனை வருஷமா எனக்குக் காட்டின வயிறுதானே," என்றேன். சிரிக்கவில்லை, கல்லுளிமங்கன்.

அந்த வாரம்தான் மேட்டுத்தெரு ஷிமே செத்துப்போனான். அவனுக்கும் இதே நோய், இதே மாத்திரை. சாவு வீட்டுக்கு ஒரு பீங்கான் பாத்திரம் நிறையக் கருவாடும் உருளைக்கிழங்கும் சமைத்து அனுப்பினேன். எங்கள் தீவில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு எலுமிச்சம்பழமாவது உள்ளே கிடக்கும். ஷிமேயின் மனைவி லுக்ரா கொண்டுவந்து கொடுத்த பாத்திரத்தில் மாத்திரை டப்பாக்கள் கிடந்தன.

யெர்கோவுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா? குளிர்காலம் முழுக்க வரும். ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"அப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். இவன் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. டப்பாக்களைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு மேட்டுத்தெருவுக்கு நடந்தேன். "ஏய் தொன்கா, நில்லுடி!" என்று கத்திக்கொண்டே அவனும் பின்னால் வந்தான்.

லுக்ரா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கணவன் போன நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"ஏன் அக்கா இதைக் குடுத்தீங்க?"

"வெறும் பாத்திரத்தை எப்படித் தர்றது? இங்க அடுப்பே பத்த வைக்கல. உங்க வீட்டுக்காரருக்கு ஆகுமேன்னு பாத்தேன்."

"ஆஸ்பத்திரியில அளந்துதானே தர்றாங்க? இவ்வளவு எப்படி மிஞ்சிச்சு?"

லுக்ரா தன் கைகளையே பார்த்தாள்.

"மருந்து நிக்கப்போகுதுன்னு காதுல விழுந்ததுமே சேத்துவைக்க ஆரம்பிச்சுட்டாரு. ஒரு வாரம் போடுவாரு, அப்புறம் ரெண்டு வாரம் விட்டுடுவாரு. டாக்டரம்மாகிட்ட மூச்சு விடல. வாராவாரம் கப்பலேறி எவன் போவான், இதை வச்சே ஓட்டிடலாம்னாரு. குளிர்காலத்துக்கு வேணும், குளிர்காலத்துக்கு வேணும்னே சொல்லிட்டிருந்தாரு. குளிர்காலம் இன்னும் வரவே இல்லையே, தொன்கா."

யெர்கோ என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டான். நேரே வீட்டுக்கு நடந்தான். மறுநாள் காலையில் நான் தலை வாரி முடிப்பதற்குள், முகச்சவரம் செய்துகொண்டு கப்பல் துறையில் போய் நின்றான். டப்பாக்களைப் பையில் போட்டு வைத்திருந்தான்.

"ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் போடவே கூடாது," என்று டாக்டர் தேயா அவற்றை வாங்கி அழிப்பதற்கு அனுப்பிவிட்டாள். பிறகு ஊசி போட்டார்கள். நான் அவன் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊசி இறங்கியதும் எனக்குத்தான் அழுகை வந்தது.

சந்தையில் ஆரஞ்சு வாங்கினோம். ஊருக்கு வந்ததும் யெர்கோ அவற்றை அந்தப் பீங்கான் பாத்திரத்தில் நிரப்பி, தானே மேட்டுத்தெருவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான்.

லுக்ரா பாத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊசி வலிச்சுதா, யெர்கோ?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு, அக்கா."

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, லுக்ரா வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.