சியோராக்கில் இறங்கும் வழி

வரைபடத்தைச் சுவரில் ஒட்டி முடிப்பதற்குள்ளேயே செவெரினெக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஊர்க்கூடத்தில் மற்றவர்கள் காப்பியும் கேக்குமாக இருந்தார்கள். அவள் கையிலிருந்த கோப்பை மட்டும் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

சுவரில் இருந்தது சியோராக் தீவு. ஊரிலிருந்து வடக்கே, படகில் ஒரு பகல் முழுக்கப் போனால் வரும் மொட்டைப் பாறை. அதன் மேற்குப் பக்கத்தில், பறவைகள் அடையும் செங்குத்துப் பாறைக்குப் பின்னால், சிவப்பு அம்பு ஒன்று வளைந்து உள்ளே போயிற்று. தெரியாதவர்கள் பார்த்தால், படகைக் கொண்டுபோய்ப் பாறையில் மோதச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். கடல் ஏறியிருக்கும்போது மட்டும் அங்கே ஒரு சந்து திறக்கும். அதைக் கண்டுபிடித்தவன் அவள் புருஷன் அவாதாக். அவன் போன பிறகு அது தெரிந்தவர்கள் அவளும் அவள் தம்பி எஸ்ராவும்தான். எஸ்ரா ஊர்க்கதையெல்லாம் பேசுவான், அதை மட்டும் பேசமாட்டான்.

போன குளிர்காலத்தில் இன்னொரு ஆளுக்கும் தெரிந்தது. அந்த ஆள்தான் இப்போது வரைபடத்தின் பக்கத்தில், கப்பல் கம்பெனியின் நீல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். சின்ன வயசுப் பெண். அவள் பெயரும் அவாதாக்.

செவெரினெயின் புருஷன் செத்த அடுத்த வசந்தத்தில் பக்கத்து வீட்டில் பிறந்தவள் அவள். அவன் பெயரை அவளுக்கு வைத்தார்கள். பெயர் போகிற இடத்துக்குச் செத்த ஆளும் போவான் என்பது ஊர் நம்பிக்கை. அது ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே செவெரினெ அவளை "என்னங்க" என்றுதான் கூப்பிட்டாள். நடக்கத் தெரிந்ததிலிருந்து அந்தப் பெண்ணும் செவெரினெ வீட்டுக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு, "ஏ பொண்டாட்டி, எனக்கு என்ன வச்சிருக்கே?" என்று கேட்டபடி வருவாள். கடல்நாய் வேட்டையாடி வந்தால் ஈரலில் முதல் துண்டு அவளுக்கு. புதுத் தோலில் முதல் கையுறையும் அவளுக்குத்தான்.

குளிர்காலத்தில் ஒருநாள் அவள், "பொண்டாட்டி, நான் எங்கே படுத்திருக்கேன்? அங்கே எப்படிப் போறது?" என்று கேட்டாள். செவெரினெ சியோராக் வழியை மிச்சம் வைக்காமல் சொன்னாள். எஞ்சினை எங்கே அணைக்க வேண்டும், எந்தப் பாறையின் நிழலைப் பார்த்துத் திரும்ப வேண்டும், எல்லாவற்றையும். அவன் பொருளை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

கம்பெனி ஆள் ஹென்னிங் எழுந்து டேனிஷ் மொழியில் பேசினான். நல்ல மாதிரியான ஆள்தான், முகத்தில் சிரிப்பு மாறவில்லை. அவன் பேசப் பேச அந்தப் பெண் ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அடுத்த கோடையில கப்பல் வரும். விருந்தாளிங்க முதல்ல இங்க இறங்குவாங்க. மணிவேலை, தோல்வேலை எல்லாம் வாங்குவாங்க. அப்புறம் சியோராக். மனுஷன் கால் படாத தீவு. ரப்பர் படகுல இறங்கி, பறவைப் பாறையைப் பார்த்துட்டு, பழங்காலக் கல்லறைகளைப் பார்த்துட்டு..."

"எந்தக் கல்லறை?" என்றாள் செவெரினெ.

கூடம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கேக்கறேன்ல? எந்தக் கல்லறை? அந்தத் தீவுல இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. பழங்காலமாம்! அந்தாளு போட்டிருந்த ஸ்வெட்டரை நான் இதே கூட்டுறவுக் கடையில வாங்கினேன். செத்த வாரம் வரைக்கும் ரேடியோவுல கால்பந்து கேட்டுக்கிட்டிருந்தவன் எப்போடி பழங்காலம் ஆனான்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எஸ்ரா, "அக்கா, அந்த ரேடியோ இப்பவும் எங்கிட்ட ஓடுது," என்று சூட்டைத் தணிக்கப் பார்த்தான்.

"நீ சும்மா இரு."

ஹென்னிங் என்னவென்று கேட்டான். பெண் சொன்னாள். அவன் தலையை ஆட்டி, மார்பில் கை வைத்து, மெதுவாகப் பதில் சொன்னான்.

"ரொம்ப மரியாதையா பார்த்துக்குவாங்களாம். யாரும் கிட்டப் போகாம சுத்திக் கயிறு கட்டுவாங்களாம்."

"கயிறா? என் புருஷன் என்ன கட்டிப் போட்ட நாயா?"

அங்கே தோண்ட மண் கிடையாது. கடல் உறைந்த பிறகு நாய்வண்டியில் போய் அவன் உடலைக் கண்டெடுத்த எஸ்ரா, அங்கேயே கல்லை அடுக்கி மூடிவிட்டு வந்தான். குனிந்து பார்த்தால் கல்லிடுக்கில் எலும்பு தெரியும். கேமராவோடு வருகிறவன் குனியாமல் இருப்பானா? நினைக்கும்போதே செவெரினெயின் காது மடல் கொதித்தது. அவள் எழுந்து வரைபடத்துக்குப் போய், சிவப்பு அம்பின் மேல் விரலை வைத்தாள்.

"இதை யார் சொன்னா உனக்கு?"

"நீதான்."

"உனக்கு நான் சொல்லலை. என் புருஷனுக்குச் சொன்னேன்."

"நான்தானே அது!" பெண்ணின் குரலும் இப்போது ஏறிவிட்டது. "என் இடம், என் வழின்னு நீதானே சொன்னே? என் இடத்தை நான் காட்டினேன். இதுல என்ன தப்பு? இந்த ஊர்ல எல்லாரும் கிளம்பிப் போறாங்க. கப்பல் வந்தா நாலு பேர் இங்கேயே இருப்பாங்க. நானும் இருப்பேன். அதுக்குத்தான் காட்டினேன்."

செவெரினெ விரலை அம்பிலிருந்து எடுத்தாள். பெண் சொன்னதில் நியாயம் இருந்தது. அவனாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பான். வீட்டில் இருக்கிறதை வழியில் போகிறவனுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிற கை அவனுடையது. அந்த நினைப்பு வந்ததும் கோபம் இரண்டு மடங்கானது. இத்தனை வருஷமாகக் கேட்க ஆளில்லாமல் உள்ளேயே கிடந்தது எல்லாம் கிளம்பி வந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான் பேசினே! கடல்ல புதுப் பனி கட்டுற நேரம், போகாதேன்னு படகுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என் படகு, என் கடல்னு விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டுட்டுப் போனியே! எல்லாம் உன்னோடதா? பின்னாடி நிக்கிறவளுக்குன்னு எதுவும் கிடையாதா? அன்னிக்கு ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா? இன்னிக்காவது கேட்டியா?"

இப்போது பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்த குற்றத்துக்கு அவள் பதில் சொல்ல முடியாது. அது தன்னுடைய குற்றமில்லை என்றும் அவளால் சொல்ல முடியாது.

"கேக்கலை," என்றாள் கடைசியில். "ஆனா பொண்டாட்டி, எல்லாம் அச்சடிச்சாச்சு. இனிமே எப்படி..."

"அப்படியா? சரி, லிஸ்பெத்."

யாரோ கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. லிஸ்பெத் என்பது அவளுடைய ஞானஸ்நானப் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டாம் பாதி. பாஸ்போர்ட்டில் உண்டு. ஊரில் ஒருத்தர் வாயிலும் அது வந்ததில்லை.

"பொண்டாட்டி..." என்றாள் அவள், குரல் இறங்கி.

"நீ யாரைச் சொல்றே? நான் செவெரினெ. உனக்குப் பக்கத்து வீடு. என் வீட்டுக்காரன் செத்துப் பல வருஷமாச்சு, லிஸ்பெத். கம்பெனிக்காரர் காத்துக்கிட்டிருக்கார், உன் வேலையைப் பாரு."

பேச்சு புரியாவிட்டாலும், ஏதோ உடைந்துவிட்டது என்று ஹென்னிங்குக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணிடம் தணிந்த குரலில் கேட்டான். அவள் ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுத்தாள், கீழே இறக்கினாள். பிறகு டேனிஷில் சொன்னாள். செவெரினெக்கு அந்த அளவு டேனிஷ் புரியும்.

"பயணத்துல இருந்து சியோராக்கை எடுத்துடுங்க. அங்க இறங்க வழி எனக்குத் தெரியாது."

"நீங்கள்தானே வரைந்து கொடுத்தீர்கள்?"

"தெரிஞ்ச ஆள் இப்ப இங்க இல்லை," என்றாள் அவள். தடித்த பேனாவை எடுத்துச் சிவப்பு அம்பை அடிமுதல் நுனிவரை கறுப்பாக்கினாள். "இதை நம்பி வந்தா படகு பாறையில மோதும். அதுக்குப் பொறுப்பு நான் ஏத்துக்க மாட்டேன். எழுத்திலயும் கொடுக்கறேன்."

ஹென்னிங்கின் சிரிப்பு அப்போதுதான் முகத்தை விட்டுப் போனது. சியோராக் இல்லையென்றால் கப்பல் இந்தப் பக்கம் திரும்புவதற்கே காரணமில்லை என்றான். வழிகாட்டி வேலைக்கும் வேறு ஊரில் ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றான். பெண் அதையும் ஒரு வார்த்தை விடாமல் ஊருக்குச் சொன்னாள்.

கூடம் இரைந்தது. "ஒரு கல்லுக்குவியலுக்காக ஊருக்கே வர்றதைத் தட்டி விடறதா?" என்று ஒருத்தி கத்தினாள். "உனக்கென்ன செவெரினெ, உன் காலம் முடிஞ்சுது. என் பிள்ளைங்க?" என்றாள் இன்னொருத்தி. செவெரினெ தன் கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஜெயித்த மாதிரி இல்லை அவளுக்கு. கோபம் ஒரு துளி குறையவில்லை, யார் மேல் என்பதுதான் குழம்பிப்போனது. எஸ்ரா பின்னாலேயே வந்தான்.

"எஸ்ரா, படகுல பெட்ரோல் இருக்கா?"

"எதுக்கு?"

"சியோராக் போகணும். பனி இறங்கிக் கல்லு சரிஞ்சிருக்கும். எடுத்து அடுக்கணும். எலும்பு வெளியில தெரியாம."

"எப்போ?"

"கடல் நல்லா ஏறுற நாளாப் பாரு. கரடி வரும், துப்பாக்கி எடுத்துக்கோ. கூடாரத்துல ஓட்டை இருக்குன்னியே, தைச்சுக் கொடுக்கறேன்."

"யார் யார் போறோம்?"

செவெரினெ வாயைத் திறப்பதற்குள் கூடத்தின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் படியிறங்கி வந்து, மீன் காயும் பரணுக்குப் பக்கத்தில் நின்றாள். நீல ஜாக்கெட்டை உள்ளேயே விட்டுவிட்டிருந்தாள். வெறும் ஸ்வெட்டரோடு, கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நானும் வரேன்," என்றாள். "கல்லு தூக்க ஆள் வேணும்ல."

செவெரினெ அவள் பக்கம் திரும்பவில்லை.

"எஸ்ரா, கல்லு தூக்க ஆள் வேணுமான்னு உன்னைக் கேக்கறா."

எஸ்ரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "வேணும்னுதான் நினைக்கறேன். எனக்கு இடுப்பு வலி."

"அப்போ அவகிட்டச் சொல்லு. தடிச்ச பூட்ஸ் போட்டுக்கிட்டு வரணும். சாப்பாடு அவளோடது. படகுல எங்கிட்டப் பேச்சுக் கொடுக்கக் கூடாது."

"எஸ்ரா மாமா," என்றாள் பெண், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "வெறும் ரொட்டி கொண்டுவந்தா போதுமான்னு கேளுங்க."

"காதுல விழுந்துச்சா அக்கா?"

"என் காது நல்லாத்தான் இருக்கு. அந்தக் குளிர்ல வெறும் ரொட்டியைத் தின்னுட்டுக் கல்லு தூக்குவாளாமான்னு அவளையே கேளு."

எஸ்ரா பெருமூச்சு விட்டான். மூன்று பேரும் எட்டிக் கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நின்றார்கள். இருந்தும் அவன் ஒவ்வொரு வார்த்தையையும் இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்தான், அந்தப் பக்கம் வாங்கி இந்தப் பக்கம் கொடுத்தான். பயணத்துக்கு வேண்டியதெல்லாம் பேசி முடிகிறவரை அவன் அப்படியே நின்றான்.