இருபத்தேழு டிகிரி

ஏழாம் வரிசையின் வெப்பமானி முப்பத்து நான்கைக் காட்டியபோதே சோதனை தோற்றுவிட்டது. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்திருந்த இருவரும், பழையபடி இருபதிலேயே வைத்துவிடுமாறு ஒரு வரியில் சொல்லிவிட்டுக் காரேறினர்.

மாதுமை அவர்களை வாசல்வரை சென்று வழியனுப்பினாள். ஈப்போவிலிருந்து இந்தக் கமுந்திங் தரவு மையத்துக்கு நாள்தோறும் வந்துபோகும் குளிரூட்டல் பொறியாளர் அவள். மலேசியப் புழுக்கத்தில் வெளிக்காற்றை உள்ளே விட வழியில்லை. ஆகவே சர்வர் கூடத்தை ஐஸ் போட்ட மீன்பெட்டியைப் போல் குளிரவைத்து, மின்சாரத்தைத் தண்ணீராய்ச் செலவழிப்பதே வழக்கம். அது வீண் என்பது அவள் கட்சி. அடுக்குகளின் காலி இடுக்குகளையெல்லாம் தகடிட்டு அடைத்து, குளிர்காற்றும் வெப்பக்காற்றும் கலவாமல் பிரித்துவிட்டால் இருபத்தேழு டிகிரியே போதும். ஆறு வாரம் அப்படித்தான் ஓடியது. கூடத்துக்குக் குளிர்நீர் அனுப்பும் மூன்று சில்லர் இயந்திரங்களில் ஒன்று ஓய்ந்தே கிடந்தது. இன்று தேறியிருந்தால் புதிய கூடமும் அவள் வரைந்தபடியே எழும்பியிருக்கும்.

அவள் ஏழாம் வரிசையின் பின்புறம் சென்று பார்த்தாள். பதினொரு தகடுகள் கழற்றப்பட்டு, அளவுவாரியாக, விளிம்போடு விளிம்பு பொருந்த அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. இப்படி அடுக்குகிற கை அங்கே ஒன்றே ஒன்றுதான்.

சில்லர் ஆட்களின் தலைவனான யுகேந்திரன் இயந்திரக் கொட்டகையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆறு வாரமும் அவளோடு தரையில் படுத்துத் தகடு பூட்டியவன்; அவள் கொண்டுவரும் இடியப்பத்தில் பாதியை உரிமையோடு எடுத்துக்கொள்பவன்.

"நீயா, யுகேன்?"

"ஆமாக்கா. காலையில நான்தான் கழட்டுனேன். மெஷின் எதுவும் கெடாது. பாத்துத்தான் செஞ்சேன்."

"உன்ன நம்பித்தானே சாவியே குடுத்தேன். கூட இருந்தே குழி பறிச்சிட்டியே."

"குழி பறிச்சது நானாக்கா? பெரட்டுல நின்னு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ரப்பர்த் தோட்டம் அழிந்து சர்வர் கூடம் வந்த பிறகும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தை அவர்கள் பெரட்டு என்றே அழைத்தனர். தோட்டக் காலத்தில் பெரட்டில் கணக்கரான கிராணி சொன்னதுதான் சட்டம். காலையில் சொன்னதை மாலையில் மாற்றிய கிராணியை எவரும் மனிதனாக மதித்ததில்லை. சோதனை தொடங்கிய அன்று, பெரட்டு வரிசையின் முன் நின்று, யாருக்கும் வேலை போகாது என்று சொன்னாள் மாதுமை. ஆறுதலுக்காகச் சொன்ன பேச்சு என்பது அவள் எண்ணம். யுகேந்திரனோடு சேர்த்துச் சில்லர் ஆட்கள் நால்வரோ அதை வாக்காக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தனர்.

"சொன்னேன். அதுக்கென்ன?"

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். மேலாளர் கையெழுத்திட்டது. ஒரு சில்லர் நிறுத்தப்படுவதால் இனி இருவர் போதும் என்று பொறியாளரின் அறிக்கை பரிந்துரைப்பதாகவும், விடுவிக்கவேண்டிய இருவரின் பெயரைத் தலைவனே எழுதித் தரவேண்டும் என்றும் அதில் இருந்தது. கீழே இரண்டு வெற்றுக் கோடுகள்.

"வெள்ளிக்கிழமை குடுத்தாரு. சீனியண்ணே பேர எழுதவா, செல்லாயிக்கா பேர எழுதவா? நீங்களே சொல்லுங்க லா."

"அந்த வரிய மேனேஜர்தான் சேக்கச் சொன்னாரு. கடைசியில பேசி எடுத்துடலாம்னு இருந்தேன்."

"எழுதுன கை யாரோடது?"

மாதுமை தாளை மடித்தாள், மீண்டும் விரித்தாள்.

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"மூணு நாளா உங்க பக்கத்துலதான் இடியப்பம் தின்னேன். நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்."

கொட்டகைக்குள் மூன்றாம் சில்லர் முனகலோடு கிளம்பியது. அவள் குரலைக் கடினமாக்கிக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்குள்ள காரணம் எழுதிக் குடுக்கணும். நடந்தத எழுதுனா திரும்பச் சோதிப்பாங்க, கண்டிப்பா தேறும். ஆனா உனக்கு இங்க வேலை இருக்காது. எழுதலன்னா என் வேலை அத்தனையும் பொய்யாகிப் போகும்."

"எழுதுங்க, மேடம்."

ஆறு வாரத்தில் அவன் அவளை அப்படி அழைத்ததில்லை.

"எம்பேர எழுதுங்க. ரெண்டு கோட்டுல ஒண்ணு ரொம்பிரும். மத்தது யாருன்னு நாளைக்குப் பெரட்டுல நீங்களே வந்து சொல்லிடுங்க."

திருப்புளியை எடுத்துக்கொண்டு, தகடுகளை மாட்ட அவன் ஏழாம் வரிசைக்கு நடந்தான்.