'ங்க' இல்லாத வாரம்

இரண்டரை வயது தர்ஷினிக்குக் காது மெஷின் வைத்து நாலு மாதம் ஆகியும் வாயிலிருந்து வந்த ஒரே சத்தம் "ங்க". பந்தைக் கேட்டாலும் ங்க, பூனையைக் கண்டாலும் ங்க.

பேச்சுப் பயிற்சி கொடுக்கச் செம்மநத்தத்துக்கு வாராவாரம் மலையேறி வரும் ஸ்டெஃபி நாகர்கோவில்காரி. "உங்க வீட்ல யார் என்ன பேசினாலும் கடைசியில 'ங்க'தான் வருது. அதுதான் அவ காதுல நிக்குது. ஒரு வாரம் அவ முன்னாடி அது வேண்டாம். வா, குடி, உக்காரு. செய்யறப்பவே சொல்லுங்க."

"எல்லாருமுங்களா?" என்றாள் தாய் சுதாராணி.

"எல்லாரும்."

"எங்க மாமாகிட்டயுமுங்களா?"

"அதுல என்ன இருக்கு?"

அதில் என்ன இருக்கிறதென்று சுதாராணிக்குத்தான் தெரியும். மாமனார் கோவிந்தராஜ், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். முதலாளியே தன்னை 'ங்க' போட்டுத்தான் கூப்பிட்டார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்பவர்.

மறுநாள் காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினாள். "மாமா. காப்பி. குடி."

அவர் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "யாரைச் சொல்றே?"

"உன்னைத்தான் மாமா. ஸ்டெஃபி சொல்லிச்சு."

நாலு நாளில் நாக்கு நன்றாகப் பழகிவிட்டது. கூட்டும்போது "மாமா, காலைத் தூக்கு." சாப்பாட்டுக்கு "மாமா, வா." ஒரு மத்தியானம் அவர் கேட்டே விட்டார்.

"புள்ளதான் தூங்குதே. இப்பவுமா?"

"பழக்கம் உட்டுப் போயிரும் மாமா."

சிரிப்பை அடக்கினாளே தவிர, உள்ளுக்குள் பயம்தான். தர்ஷினி இப்போது அந்த 'ங்க'வையும் சொல்வதில்லை. வாயை மூடிக்கொண்டு எல்லாரையும் பார்த்தபடி இருந்தாள். இருந்த ஒரு சத்தத்தையும் கெடுத்துவிட்டோமோ?

சனிக்கிழமை மாமனார் செருப்பை மாட்டினார். "நான் குப்பனூர்ல தம்பி ஊட்டுக்குப் போறேன். அந்த டீச்சர் இனி வர வேண்டாமுன்னு சொல்லிப்போடு. நொம்ப நல்லாத்தான் சொல்லிக் குடுக்குது."

சுதாராணியின் இடுப்பிலிருந்து இறங்கிய தர்ஷினி தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். தரையைத் தட்டினாள்.

"உக்கா."

தாத்தா குனிந்து பார்த்தார்.

"உக்கா," என்றாள் மறுபடியும், அம்மாவின் அதே அதட்டலோடு.

ரைட்டர் செருப்போடு தரையில் உட்கார்ந்தார்.

"உக்காந்துட்டனுங்க சாமி."

சுதாராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"மாமா, 'ங்க' கூடாது."