தனலெட்சுமி பாடாத பாட்டு

தனலெட்சுமி கொழும்புக்குப் போய் வானொலியில் பாடிவிட்டு வந்தாள் என்று அந்தப் பசறைத் தேயிலைத் தோட்டமே சொல்லிக்கொண்டிருந்தது. போனது உண்மை, வந்ததும் உண்மை. பாடியதுதான் பொய்.

பாட்டு அவளுக்காகவே எழுதப்பட்டது. பண்டாரவளையில் படிப்பிக்கும் சிவசுப்பிரமணியம் மாஸ்டர் வானொலிக்கு வாராவாரம் ஓர் இசை நாடகம் எழுதிவந்தார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தனலெட்சுமி பாடியதை ஒரு தரம் கேட்டவர், நாடகத்தில் கொழுந்து பறிக்க வரும் பெண்ணுக்கு அவள் குரலை மனதில் வைத்தே பாட்டுக் கட்டினார். 'பனி விலகும் மலையிலே யார் குரலோ கேட்குது' என்று தொடங்கும். அவள் மலையில் பாடிப் பாடி, கூடக் கொழுந்தெடுக்கிற பெண்களுக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

ரயில் ஏறுவதற்கு முன் அவள் அப்பா மாடசாமி கோயிலில் எல்லாருக்கும் முன்னால் நேர்ந்துகொண்டார். "எம்மக ரேடியோவுல பாடிட்டான்னா தீச்சட்டி எடுக்கிறேன் ஆத்தா." பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனுசன். அவர் அவ்வளவு பேசியதே தோட்டத்துக்கு அதிசயமாக இருந்தது.

கொழும்பில் ஒரு குறையும் இல்லை. ஒலிப்பதிவு அறையின் கதவைச் சாத்தினார்கள், சிவப்பு விளக்கு எரிந்தது, தனலெட்சுமிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மலையே அதிரப் பாடுகிறவளுக்கு ஒரு சின்ன விளக்கைப் பார்த்து என்ன பயம்? அவளுக்கே விளங்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடி விளக்கு எரிந்தது, மறுபடி வெறும் காற்றுத்தான் வந்தது. யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. கடைசியில் நாடகத்தில் நடிக்க வந்த கமலாதேவி என்ற பெண் பாட்டைக் கையில் வாங்கி, ஒரு தரம் முணுமுணுத்துப் பார்த்து, பாடி முடித்துவிட்டாள்.

"அழாதையும் தங்கச்சி. இன்னொரு பாட்டு எழுதுவம்" என்றார் மாஸ்டர், ரயிலில். பண்டாரவளையில் இறங்கும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பசறையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், தோட்டத்து லய வீடுகளின் ஆட்கள் பாதிப்பேர் காத்து நிற்கிறார்கள். அடுத்த வீட்டு ரெங்கம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "என்னாடி, பாடிட்டியா?" பின்னால் அப்பா புதுத்துண்டு போட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்த தனலெட்சுமி, "ம்" என்றாள். அந்த ஓர் எழுத்துத்தான் அவள் சொன்ன பொய்.

நாடகம் ஒலிபரப்பான அன்று றஹீம் நானாவின் தேத்தண்ணிக் கடையில் நிற்க இடமில்லை. பாட்டு வந்தது. அருமையான குரல், அவள் குரல் இல்லை. தனலெட்சுமி தரையைப் பார்த்தபடி நின்றாள். "ரேடியோவுல வந்தா கொரலே மாறிப்போவுது பாத்தியா" என்று ரெங்கம்மா பூரித்தாள். நாடகம் முடிந்தது. இனிப் பாடியவர்களின் பெயரை வாசிப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து மாடசாமி பெஞ்சின் மேல் ஏறினார். "எம்மக! எம்மக பாட்டுடா!" என்று கத்தினார், கைதட்டினார், இறங்கி றஹீமைக் கட்டிப்பிடித்தார். கடையே சேர்ந்து கத்தியது. பெயர் ஒருவர் காதிலும் விழவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வெட்கங்கெட்ட நெஞ்சு!

திருவிழா வந்தது. மாடசாமி விரதம் இருந்து, மஞ்சள் வேட்டி கட்டி, உள்ளங்கையில் வேப்பிலை வைத்துத் தீச்சட்டி ஏந்தினார். நேர்ந்தது நிறைவேறி எடுத்தால் கை சுடாது என்பது தோட்டத்து நம்பிக்கை. சட்டியை இறக்கிவைத்ததும் அவர் கைகளைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார்.

வேலையாட்களை மேற்பார்க்கும் வீரய்யா கங்காணி அவளைக் கூப்பிட்டார். "அந்த ரேடியோ பாட்டப் பாடும்மா, ஆத்தாளும் கேக்கட்டும்." தப்ப வழியில்லை. பாடினாள். முதல் வரியிலேயே குரல் பிசிறியது, இரண்டாம் வரியில் மூச்சு முட்டியது.

"என்னாடி இது, ரேடியோவுல கேட்ட மாதிரியே இல்லையே?" என்றாள் ரெங்கம்மா.

"புள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சல்" என்றார் மாடசாமி, யார் முகத்தையும் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்தும் அவர் துண்டை எடுக்கவில்லை. தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். வாங்க முடியாமல் விழித்தார். தனலெட்சுமி துண்டை விலக்கிப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்துக் கிடந்தன.

"நேந்தது பலிச்சா சுடாதும்பாங்களேப்பா..."

"பலிக்கலையே, புள்ள."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் மெல்லச் சொன்னார். "ஒன் தொண்ட எனக்குத் தெரியாதா? பாட்டு எடுத்தோடனே தெரிஞ்சுபோச்சு. பேரு வாசிப்பாங்கன்னுதான் அந்தக் கத்துக் கத்துனேன்."

"பெறகு சட்டி ஏம்ப்பா எடுத்தீங்க?"

"எடுக்கலைன்னா ஏன்னு கேப்பாங்கல்ல?"

அழக்கூட முடியவில்லை, அவ்வளவு வெட்கம். தேங்காய் எண்ணெயை எடுத்து அவர் கையில் தடவத் தொடங்கினாள். வாசலில் ரெங்கம்மா வந்து நின்றாள். கையில் ஆவி பறக்கும் கொத்தமல்லிக் கசாயம்.

"காய்ச்சலாமே, சொல்லக்கூடாதாடி? நான் பாட்டுக்கு என்னமோ பேசிட்டேன். இந்தா, குடி."

'ம்' என்று வாங்கிக் குடித்திருக்கலாம். அப்பாவும் அதைத்தான் கண்ணால் கெஞ்சினார்.

"காய்ச்சல் இல்லக்கா" என்றாள் தனலெட்சுமி. "அந்தப் பாட்ட நான் பாடல. வேற ஒரு பொண்ணு பாடிச்சு."

ரெங்கம்மா அவளைப் பார்க்கவில்லை. மாடசாமியின் கைகளையே பார்த்தாள். அவர் எண்ணெய் வழியும் அந்தக் கைகளை ஒவ்வொன்றாக மடக்கித் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.